கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம்!

“உனக்கு இங்கே பொழுது போவதற்கு என்னம்மா வேண்டும்?” என்று கேட்டேன்.

“மங்கா இருந்தால் போதும், பெரியம்மா. வேறே ஒண்ணும் வேண்டாம்” என்றாள் என் தங்கையின் பெண்.

கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயது பதினைந்து. வந்து ஒரு வாரமாகியும் வாயிலிருந்து முழுசாக நாலு வார்த்தை வரவில்லை. “சாப்பிட வருகிறாயா?” என்றால் “ம்.” “கோயிலுக்குப் போகலாமா?” என்றால் “ம்ஹூம்.” இப்படிப்பட்ட பெண் ஒரு முழு வாக்கியம் பேசியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மங்கா என்பது அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன். அலர்மேல்மங்கை என்று பெயர் வைத்துவிட்டு வீட்டில் ‘மங்கா’ என்று கூப்பிடுவது நம் பக்கத்தில் வழக்கந்தானே?

“தாராளமாக வரச் சொல்லேன்! இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகட்டும்” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்புறந்தான் விஷயம் தெரிந்தது. மங்கா என்பது ஜப்பான் தேசத்துச் சித்திரக் கதைப் புத்தகம். அதே கதைகள் திரையில் அசைந்து பேசினால் அதற்கு ‘அனிமே’ என்று பெயர். நாம் ‘பொம்மைப் படம்’ என்று சொல்லி ஒதுக்கிவிட்டுப் போகிறோமே, அதன் ஜப்பானியச் சகோதரி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பெரிய பெரிய கண்கள் உள்ள உருவங்களைப் பார்த்துத் தனியே சிரித்துக் கொண்டும் தனியே அழுதுகொண்டும் இருக்கும். ‘இதிலே அப்படி என்னதான் இருக்கிறது?’ என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டவள்தான். கேட்டதோடு நிற்காமல், அந்தப் பெண்ணோடு பேசுவதற்கு ஒரு விஷயமாவது கிடைக்குமே என்ற ஆசையில் உள்ளே புகுந்து பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் அடியே சறுக்கல்

ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கத்திலேயே யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்த பக்கத்தில் அந்த இருவரும் சண்டை போட்டார்கள். அதற்கடுத்த பக்கத்தில் ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக் கொண்டார்கள்! ‘இது என்ன, ஜப்பான்காரர்கள் அழுதுவிட்டுத்தான் அறிமுகமாவார்களோ?’ என்று திகைத்தேன்.

“ஐயோ பெரியம்மா! முடிவை முதல்லே படிச்சுட்டீங்களே!” என்று பிடுங்கிக் கொண்டாள் அவள்.

ஆமாம், சகோதரிகளே! நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். புத்தகத்தை வலது பக்கம் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் உள்ள கட்டத்தில் ஆரம்பித்து, இடது கீழ் மூலையில் முடிக்க வேண்டும். ஜப்பானிய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதி, அடுத்த வரியை அதற்கு இடப்புறத்தில் எழுதுவது அவர்களுடைய பழைய சம்பிரதாயம். சித்திரமும் அதே வழியில் போகிறது.

‘ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டால் என்ன?’ என்று நமக்குத் தோன்றும். போட்டுப் பார்த்தார்கள். படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கதையில் வருகிறவர்கள் எல்லாரும் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார்கள். அது போனால் போகிறது. கிமோனோ என்ற அந்த நாட்டு ஆடையை உடுத்தும்போது இடது பக்கத்து மடிப்பு மேலே வரவேண்டும். வலது மடிப்பு மேலே வந்தால் அது இறந்துபோனவர்களுக்கு உடுத்தும் முறை! படத்தைத் திருப்பியதும் உயிரோடு இருந்த அத்தனை பேரும் பிரேத அலங்காரத்தில் நின்றார்கள். பிறகு பதிப்பாளர்கள் இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். இப்போது வாசகர்கள்தான் திரும்பிக் கொள்கிறார்கள். பத்துப் பக்கம் வரை தடுமாற்றம் இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

மௌனத்துக்கும் ஒரு சத்தம்

இரண்டாவது தடங்கல், கட்டங்களில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் எழுத்துக்களும் குறிகளும். நெற்றியில் பெரிய வியர்வைத் துளி ஒன்று வரைந்திருந்தால், அந்த ஆள் சங்கடத்தில் நெளிகிறார். சிலுவை போல் ஒரு சிறு குறி தலையில் இருந்தால், கோபத்தில் நரம்பு புடைத்திருக்கிறது. ஒரு பெண்ணுக்குப் பின்னால் காரணமில்லாமல் ரோஜாப் பூக்கள் மலர்ந்தால், அந்த அறையில் பூ ஏதும் இல்லை. அவள் மனத்தில்தான் மலர்ந்திருக்கிறது.

சத்தங்களை எழுதுகிற விதத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. நெஞ்சு படபடவென்று அடித்துக் கொண்டது, நகை பளபளவென்று மின்னியது என்று நாம் சொல்வதில்லையா? இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று படித்திருப்போம். ஜப்பானிய மொழியிலும் இப்படிப்பட்ட இரட்டைச் சொற்கள் ஏராளம். நெஞ்சு ‘டொகி டொகி’ என்று அடித்துக் கொள்ளும். நட்சத்திரம் ‘கிரா கிரா’ என்று மின்னும். குழந்தை ‘நிகோ நிகோ’ என்று சிரிக்கும். இவற்றையெல்லாம் சித்திரத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள்.

இதில் உச்சம் எது என்றால், சத்தமே இல்லாததற்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் எல்லாரும் வாயடைத்துப் போய் நிற்கும்போது, கட்டத்தில் ‘ஷீ...ன்’ என்று எழுதியிருக்கும். நிசப்தம் காதில் கேட்கிறது என்பார்களே, அதை எழுத்தில் பிடித்துவிட்டார்கள். இந்தக் கட்டம் வரும்போது வேகமாகப் புரட்டிவிடக் கூடாது. அங்கே சிறிது நின்று போகவேண்டும்.

வாசல் தவறினால் வீடு பிடிக்காது

இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகும் எனக்கு மங்கா பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே! அவள் கொடுத்த இரண்டாவது புத்தகத்தில் ஒரே சண்டை. மலை பிளக்கிறது, கடல் கொதிக்கிறது, அடிபட்டவன் எழுந்து மறுபடி அடிக்கிறான். அந்தக் கதை நூறு பாகங்களைத் தாண்டி இன்னும் முடியவில்லையாம்! எனக்குத் தலை சுற்றியது.

“இது பையன்கள் பத்திரிகையிலே வர்ற கதை, பெரியம்மா. உங்களுக்கு வேறே வாசல் இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

அந்த ஒரு வார்த்தையில் பெரிய உண்மை இருக்கிறது. ‘மங்கா’ என்பது ஒரு ரகமான கதையின் பெயரல்ல. நம்மூரில் ‘பத்திரிகை’ என்று சொன்னால் அதில் ஆன்மிகமும் உண்டு, சினிமாவும் உண்டு, மாதர் பகுதியும் உண்டல்லவா? அது போலத்தான். ஜப்பானில் சிறுவர்களுக்கு, சிறுமிகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று தனித்தனியே மங்காப் பத்திரிகைகள் இருக்கின்றன. பெரும்பாலான கதைகள் முதலில் இவற்றில் தொடராக வந்து, பிறகுதான் புத்தகமாகின்றன.

தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும். 1959-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி, ஒரே நாளில், ‘ஷோனென் மாகஸின்’, ‘ஷோனென் ஸண்டே’ என்று இரண்டு சிறுவர் வாரப் பத்திரிகைகள் அங்கே தொடங்கின. 1968-இல் ‘ஷோனென் ஜம்ப்’ வந்தது. 1995-ஆம் ஆண்டு அதன் ஓர் இதழ் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயிற்று என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! ஒரு கதைக்கு வாரம் சுமார் இருபது பக்கம். ஆபத்தான இடத்தில் ‘தொடரும்’. இதழோடு ஓர் அபிப்பிராயக் கார்டு வரும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். கார்டுகளில் பின்தங்கிய கதைக்குச் சீக்கிரமே மங்களம் பாடிவிடுவார்கள். வாசகரின் கையில் அவ்வளவு அதிகாரம்!

ஒரே ஒரு வித்தியாசம். நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, பைண்டு செய்து, பீரோவில் பூட்டி வைத்தார்கள். அங்கே மலிவான காகிதத்தில் தடிமனாக வரும் வாரப் பத்திரிகையைப் படித்தவுடன் பழைய காகிதத்தோடு போட்டுவிடுகிறார்கள். பிடித்த கதை இருநூறு பக்கப் புத்தகமாக வெளிவரும்போது அதை வாங்கி வைத்துக் கொள்கிறார்கள்.

ஒரு வீட்டோடு மாப்பிள்ளையின் குடும்பம்

எனக்கென்று அவள் திறந்துவிட்ட வாசல் சமையலறை வாசல். கதையின் பெயர் ‘ஸாஸாயே-ஸான்’.

இதை எழுதி வரைந்தவர் ஹஸெகாவா மச்சிகோ என்ற அம்மையார். 1920-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார்தான் மூன்று பெண்களையும் வளர்த்து ஆளாக்கினார். யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ஏப்ரலில், ஃபுகுவோகா நகரத்து மாலைப் பத்திரிகை ஒன்றில் நாலே கட்டங்களில் தினம் ஒரு துணுக்காக இந்தக் கதையைத் தொடங்கினார். நாடு முழுவதும் இடிபாடு, சாப்பாட்டுக்கு ரேஷன், துணிக்குப் பஞ்சம். அந்த நாளில் இந்தக் குடும்பத்தைப் பார்த்து ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கடற்கரையில் உலாவும்போது உதித்த கதையாகையால் எல்லாருக்கும் கடல் சம்பந்தமான பெயர்கள். கதாநாயகி ஸாஸாயே என்பது ஒரு கடல் நத்தை. அப்பா நமிஹெய் பெயரில் அலை இருக்கிறது. அம்மா ஃபுனே என்றால் படகு. தம்பி கட்ஸுவோ சூரை மீன். தங்கை வகாமே கடற்பாசி. ஸாஸாயேயின் கணவர் மஸுவோவும் ஒரு மீன்தான். அவர் மனைவியின் பிறந்த வீட்டிலேயே, மாமனார் மாமியாரோடு குடியிருக்கிறார். நம் பாஷையில் வீட்டோடு மாப்பிள்ளை! ஆனால் அதற்காக அவரை யாரும் இளப்பமாகப் பேசுவதில்லை. ஸாஸாயேவோ அடக்க ஒடுக்கமான பெண்மணி அல்ல. உரக்கச் சிரிப்பாள், மறந்து போவாள், தம்பியைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடுவாள். தப்புச் செய்துவிட்டு அசடு வழிவாள். இந்த அம்மாளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியில் தினம் பார்க்கிறேனே!

இந்த நாலு கட்டங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் எதிர்பாராத திருப்பம், நாலாவதில் முடிவு. மேலிருந்து கீழே நேராகப் படித்தால் போதும். வலது, இடது தடுமாற்றமே கிடையாது. புதிதாக மங்கா படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாலபாடம் இல்லை.

மச்சிகோ அம்மையாரும் அவருடைய அக்காவும் சேர்ந்து சொந்தமாகவே பதிப்பகம் நடத்தினார்கள். அதன் பெயரே ‘சகோதரிகள் கம்பெனி’ என்று அர்த்தப்படும். ஆண்களே கோலோச்சிய தொழிலில் இரண்டு பெண்கள் வரைந்து, அச்சிட்டு, விற்று, கணக்கும் பார்த்தார்கள். பத்திரிகைத் தொடர் 1974-இல் நின்றது. அம்மையார் 1992-இல் காலமானார். ஆனால் 1969 அக்டோபர் 5-ஆம் தேதி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸாஸாயே-ஸான்’ அனிமே, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகத்திலேயே நெடுநாள் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வருவதால், அது முடிகிற பாட்டைக் கேட்டதும் ஜப்பானியருக்கு ஒரு சோர்வு வந்துவிடுமாம். ‘நாளைக்குத் திங்கட்கிழமை’ என்ற சோர்வு! அதற்கு ‘ஸாஸாயே-ஸான் வியாதி’ என்றே வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் பேனா பிடித்தார்கள்

‘அந்தக் கண்கள் ஏன் அவ்வளவு பெரிசு?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கு ஒரு தாயாரும் ஒரு நாடகக் கொட்டகையும் காரணத்தில் பங்கு உடையவர்கள்.

மங்கா உலகத்தில் பெரிய பெயர் டெஸுகா ஒஸாமு. 1928-இல் பிறந்தவர், வைத்தியப் படிப்பு முடித்தவர். அவர் சிறுவனாக வளர்ந்த ஊர் தகராஸுகா. அங்கே பெண்களே ஆண் வேஷமும் கட்டி ஆடும் புகழ்பெற்ற நாடக சபை இருக்கிறது. நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள் அல்லவா? அதற்கு நேர் எதிரிடை. தாயார் அந்த நாடகங்களுக்கு மகனை அழைத்துப் போவார். மேடை வெளிச்சத்தில் மின்னும் பெரிய கண்களும் ஆடம்பர உடைகளும் பையன் மனத்தில் பதிந்துவிட்டன. 1953-இல் அவர் சிறுமிகள் பத்திரிகையில் ஒரு கதை தொடங்கினார். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்ற நாட்டில், ஆண் வேஷத்தில் வளர்க்கப்படும் ஓர் இளவரசியின் கதை. அந்த மின்னும் கண்கள் அங்கே இடம் பிடித்துக் கொண்டன.

ஆனால் அந்தக் காலத்தில் சிறுமிகளுக்கான கதைகளையும் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்தார்கள். 1970-ஐ ஒட்டித்தான் இளம் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ஹகியோ மோட்டோ அவர்களில் ஒருவர். மகள் படம் வரைந்து பிழைப்பது பெற்றோருக்கு நெடுங்காலம் சம்மதமில்லை. அந்த மகளைத்தான் 2019-இல் ஜப்பான் அரசாங்கம் கலாசாரத்துக்குச் சேவை செய்தவர் என்று கௌரவித்தது. இன்னொருவர் இகேதா ரியோகோ. 1972-73-இல் அவர் எழுதிய ‘வெர்ஸாயின் ரோஜா’ பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய கதை. ஆண் உடையில் அரண்மனைக் காவல் படைக்குத் தலைமை வகிக்கும் ஒரு பெண்தான் அதன் நாயகி. 1974-இல் அதே தகராஸுகா மேடையில் அது நாடகமாகி, கொட்டகை நிரம்பி வழிந்தது. இகேதா அம்மையார் நாற்பத்தேழாவது வயதில் சங்கீதக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டார். இதைக் கேட்டதிலிருந்து, பரணில் கிடக்கும் என் வீணையின் பக்கம் என் பார்வை அடிக்கடி போகிறது!

அசையாமல் நிற்கும் அழகு

இனி அனிமே. முதலில் பார்க்கும்போது, ‘என்ன இது? உதடு மட்டும் அசைகிறது, ஆள் சிலை மாதிரி நிற்கிறாரே!’ என்று தோன்றும். இதற்குக் காரணம் பணமுடை. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. 1963 ஜனவரி முதல் தேதி டெஸுகா தம்முடைய ‘அட்டாம்’ என்ற இயந்திரச் சிறுவனை வாரா வாரம் அரை மணி நேரம் தொலைக்காட்சியில் காட்டத் துணிந்தார். விநாடிக்கு 24 படம் வரைய ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரு படத்தையே மூன்று பிம்பங்களுக்கு நிறுத்தி, விநாடிக்கு எட்டுப் படங்களில் சமாளித்தார். பறக்கிற படம், ஓடுகிற படம் இவற்றைப் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி மறுபடி உபயோகித்தார். பழைய புடவையில் பாவாடை தைக்கிற சாமர்த்தியந்தான்! வறுமையில் பிறந்த இந்த வழக்கமே பிறகு ஒரு பாணியாகிவிட்டது.

அசையாமையையே அழகாக்கிக் காட்டியவர் மியாஸாகி ஹயாவோ. 1988-இல் வந்த அவருடைய ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’ என்ற படத்தை அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தேன். தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரண்டு சிறுமிகள் மழையில் குடையோடு பஸ் ஸ்டாப்பில் அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். இருட்டுகிறது. சின்னவளுக்குத் தூக்கம் வருகிறது. அக்கா அவளை உப்பு மூட்டை தூக்கிக் கொள்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை. மழை பெய்கிறது. அவ்வளவுதான். பஸ் வருமா, அப்பா வருவாரா, அம்மா பிழைப்பாளா என்று மூன்று கேள்விகளும் அந்த மழைக்குள் இருக்கின்றன.

இப்படி வேண்டுமென்றே விடும் இடைவெளிக்கு ஜப்பானில் ‘மா’ என்று ஒரே எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். கச்சேரியில் தாளம் போடும்போது தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கை சும்மா இருக்கிறதே, அந்த இடமும் தாளத்தைச் சேர்ந்ததுதானே? அதுபோல.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘டோட்டோரோ’ வெளியான அதே நாளில், அதே கொட்டகைகளில், சேர்த்துக் காட்டிய மற்றொரு படம் ‘மின்மினிகளின் சமாதி’. யுத்தத்தில் அநாதையான அண்ணன், தங்கை கதை. பொம்மைப் படந்தானே என்று குழந்தைகளை எதிரில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். வரைந்த படம் என்பதால் எல்லாம் குழந்தைகளுக்கு ஆனதல்ல. முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. வாங்கும்போது வயது என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வலது கை போன பிறகு

விடுமுறை முடிய ஐந்து நாள் இருந்தபோது, “இது உங்களுக்காக” என்று மூன்று பாகக் கதை ஒன்றை என் மடியில் வைத்தாள். ‘இந்த உலகத்தின் ஒரு மூலையில்’ என்பது பெயர். ஹிரோஷிமாவில் 1968-இல் பிறந்த கோனோ ஃபுமியோ என்ற பெண்மணி 2007 முதல் 2009 வரை தொடராக எழுதியது.

ஸுஸு என்ற பெண் ஹிரோஷிமாவில் பிறந்தவள். சற்று மறதி உள்ளவள். ஆனால் பென்ஸில் கிடைத்தால் உலகத்தை மறந்து படம் வரைவாள். 1944-இல், பதினெட்டு வயதில், கூரே என்ற துறைமுக ஊரில் வாழ்க்கைப்படுகிறாள். கடற்படையின் பெரிய தளம் அது. மாமனார், மாமியார், எடுத்தெறிந்து பேசும் நாத்தனார், நாத்தனாரின் சின்னஞ்சிறு மகள். கதையில் பாதிக்கு மேல் சமையலும் தையலும் தண்ணீர் தூக்குவதுந்தான். ரேஷன் அரிசி போதாதபோது வரப்போரத்துச் செடிகளைப் பறித்துச் சமைக்கிறாள். அரிசியை வறுத்து, இரவெல்லாம் ஊறவைத்துப் பொங்கினால் சோறு பெருகிக் காட்டும் என்று யாரோ சொன்னதைச் செய்து பார்க்கிறாள். சோறு நிறையத்தான் வருகிறது. ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. எறும்பு வராமலிருக்கத் தண்ணீரில் மிதக்க விட்ட சர்க்கரை, தண்ணீரிலேயே மூழ்கிப் போகிறது. நான் சிரித்தேன், நெஞ்சு அடைத்தது.

1945 ஜூன். பதுங்கிக் கிடந்த குண்டு ஒன்று வெடிக்கிறது. ஸுஸுவின் இடது பக்கம் நின்றாளா, வலது பக்கம் நின்றாளா அந்தக் குழந்தை? வலது பக்கம். கையைப் பிடித்துக் கொண்டிருந்த குழந்தையும் போயிற்று. பிடித்திருந்த கையும் போயிற்று. அவள் படம் வரைந்த கை அது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தேன். அந்தப் பெண் கூடவே உட்கார்ந்திருந்தவள், “பெரியம்மா, ஆட்களையே பார்க்கறீங்களே, பின்னாலே பாருங்க” என்றாள்.

பார்த்தேன். ஆட்களுக்குப் பின்னால் இருந்த வீடுகள், மலை, வேலி எல்லாம் கோணல்மாணலாக இருந்தன. குழந்தை வரைந்ததுபோல் கோடுகள் நடுங்கின. ஸுஸுவின் கை போன இடத்திலிருந்து, ஆசிரியை பின்னணிச் சித்திரங்களைத் தம்முடைய இடது கையால் வரைந்திருக்கிறார்! அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். நான் பாட்டுக்கு ‘அடுத்து என்ன?’ என்று புரட்டிக்கொண்டே போயிருந்தால் தெரிந்தே இருக்காது.

முடிவை நான் சொல்ல மாட்டேன். 2016-இல் கடபுச்சி ஸுனாவோ இதைத் திரைப்படமாக எடுத்தார். பணம் போட ஆளில்லாதபோது பொதுஜனங்களிடம் கையேந்தினார்கள். 3,374 பேர் சேர்ந்து 3 கோடியே 91 லட்சம் யென் கொடுத்தார்கள். படம் ஜப்பானில் ஆயிரம் நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஓடியது.

இந்தப் பக்கத்துக் கதை

புத்தகத்தை மூடியதும் என் அம்மா சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. 1942 ஏப்ரல். ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. ‘அடுத்தது சென்னைதான்’ என்று பீதி கிளம்பி, பட்டணமே மூட்டை கட்டியது. என் அம்மாவுக்கு ஏழு வயது. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ரயிலுக்கு ஓடினார்கள். அவசரத்தில் தன் மரப்பாச்சியைக் கூடத்து ஊஞ்சலில் விட்டுவிட்டாள் அம்மா. பல மாதங்கள் கழித்துத் திரும்பி வரும்வரை தினமும் அதை நினைத்து அழுதாளாம். ‘ஜப்பான்காரன் வருகிறான்’ என்று பயந்து இந்தக் கரையில் ஒரு சிறுமி ஓடினாள். அடுத்த சில வருஷங்களில் அந்தக் கரையில் ஒரு பெண் வரப்போரத்துக் களையைச் சமைத்தாள்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பாட்டியின் கதை அவளுக்குத் தெரியாது. அன்று இரவு ஒரு மணி வரை கேள்வி கேட்டாள். மரப்பாச்சி என்ன உயரம்? ஊஞ்சலுக்குச் சங்கிலியா, கயிறா? ரயிலில் என்ன சாப்பிட்டார்கள்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ‘ம்’ என்ற ஒற்றை எழுத்துப் பெண் எங்கே போனாள் என்றே தெரியவில்லை.

நீங்களும் தொடங்க விரும்பினால், நூறு பாகக் கதையில் கால் வைக்காதீர்கள். இரண்டு மூன்று பாகங்களில் முடிகிற குடும்பக் கதையைக் கேட்டு வாங்குங்கள். புராணம் பிடிக்கும் என்றால், டெஸுகா 1972-லிருந்து 1983 வரை எழுதிய ‘புத்தர்’ இருக்கிறது. குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க, ஜப்பானியரும் இந்தியரும் கூடி எடுத்து 1992-இல் முடித்த ராமாயண அனிமே இருக்கிறது. 2025-இல் தமிழ்ப் பேச்சோடும் கொட்டகைகளுக்கு வந்தது. எதை எடுத்தாலும், வீட்டில் ஏற்கெனவே படிக்கிற குழந்தை இருந்தால் அதனிடமே, “எனக்கு எது சரிப்படும், சொல்லு” என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் நாம் சிஷ்யர்களாகப் போய் உட்கார்ந்தால், அவர்களுக்கு வருகிற பேச்சைப் பார்க்கவேண்டுமே!

அவள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து ஒரு தபால் வந்தது. உள்ளே மடித்த காகிதம். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. வலது பக்கத்திலிருந்தே பிரித்தேன். பென்ஸிலால் நாலு கட்டங்கள். முதலாவதில் ஒரு சிறுமி ஊஞ்சலில் மரப்பாச்சியை வைத்துத் தாலாட்டுகிறாள். இரண்டாவதில் தெரு முழுவதும் மூட்டை முடிச்சுகள். மூன்றாவதில் ரயில் ஜன்னலில் சிறுமியின் முகம். கை இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. நாலாவதில் யாருமில்லாத கூடம், ஊஞ்சல், அதன்மேல் மரப்பாச்சி. மூலையில் சின்னதாக, தமிழில், ‘ஷீ...ன்’ என்று எழுதியிருந்தாள்.

அதைச் சட்டம் போட்டு, ஊஞ்சலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.